போர்ப் படம் போடும் ஞாயிற்றுக்கிழமை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வசனம் எனக்குக் கோணலாகத்தான் வரும். ஒரு வருடத்தில் நடந்ததை அடுத்த வருடத்தில் நடந்ததாகச் சொல்லிவிடுவேன். பாதியில் வேறு கதைக்கும் போய்விடுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து கதைக்க எனக்குக் கூச்சம். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் மகள் என்னை ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். எங்கள் ஆட்களின் பாட்டு நிகழ்ச்சி. எல்லாம் போர்க்காலத்துப் பாட்டுகள். எனக்கு முன்வரிசையில் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார், சில இடங்களில் வாய்விட்டுப் பாடினார். பக்கத்தில் இருந்த மனைவி மேடையைப் பார்க்கவில்லை. புருசனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை கதிரையின் விளிம்பை இறுக்குவதையும் விடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயத்தை நான் முன்பே கண்டிருக்கிறேன். எழுபதுகளில், இதே ரொறன்ரோவில், பின்லாந்துக்காரரின் மண்டபத்தில்.

நாங்கள் இங்கே வந்தது எழுபத்து மூன்றிலோ நாலிலோ. இவர் கொழும்புத் துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்தவர். (என் கணவரை எழுத்திலும் இவர் என்றுதான் எனக்கு வரும்.) இங்கே ஒரு இரும்புப் பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கே மேற்பார்வை பார்த்தவர் ஒரு பின்லாந்துக்காரர். நகரத்தின் ஓரம் அஜின்கோர்ட்டில் தன் கையாலேயே ஒரு வீடு கட்டியிருந்தார். அதன் மேல்மாடியை எங்களுக்கு வாடகைக்குத் தந்தார். அப்போது அஜின்கோர்ட்டில் எங்கள் ஆட்களின் கடை ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் சோள வயல். தமிழ் கேட்க வேண்டுமென்றால் நானே கதைக்க வேண்டும். மகள் அப்போது கைக்குழந்தை.

வீட்டுக்காரரை அங்கிள் என்றும் அவர் மனைவியை அன்ரி என்றும் கூப்பிட்டேன். அன்ரிக்கு முதல் நாளே அது விளங்கவில்லை.

"நான் உன்ர அம்மாவின்ர தங்கச்சியோ?" என்று கேட்டார்.

"இல்லை அன்ரி. எங்கட ஆக்கள் அப்பிடித்தான் கூப்பிடுவினம்."

"அப்ப உங்கட ஊரிலை எல்லாரும் சொந்தக்காரரோ?"

"ஓம்."

"பாவம் நீங்கள்," என்றார்.

இரண்டு பேருடையதும் உடைந்த ஆங்கிலம். அவர் ஒரு மாதிரி உடைப்பார், நான் இன்னொரு மாதிரி உடைப்பேன். அதை அப்படியே எழுத எனக்குத் தெரியாது. எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

பழக எனக்குச் சுலபமாக இருந்தது. அவர்களும் எங்களைப் போலவே வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். அவர்கள் சுடும் இனிப்புப் பாணில் ஏலக்காய் மணக்கும். வித்தியாசமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், பேஸ்மென்டில் இருந்த சவுனா. பலகை அடித்த ஒரு சின்ன அறை. மூலையில் மின்சார அடுப்பு, அதன்மேல் குவித்த கருங்கற்கள். கற்கள் காய்ந்தபின் வாளியிலிருந்து நீளக் காம்பு அகப்பையால் தண்ணீர் மொண்டு ஊற்றுவார்கள். ஆவி எழும்பும். அதற்குள் உடுப்பில்லாமல் உட்கார்ந்து வேர்ப்பார்கள். சனிக்கிழமைதோறும் அங்கிளும் அன்ரியும் போவார்கள். என்னையும் அன்ரி கூப்பிட்டார். நான் வெட்கத்தில் மாடிக்கு ஓடிவிட்டேன்.

அங்கிள் அதிகம் கதைக்காத மனிதர். எங்கள் யன்னலில் குளிர் வருகிறதென்று நான் சொல்லாமலே வந்து துணி வைத்து அடைத்தவர். மகளுக்கு மரத்தில் குதிரை செதுக்கித் தந்தவர். இவருக்கு அவர் மேல் பெரிய பக்தி. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்த வருடங்களில் எங்கள் நிறத்து ஆட்களைச் சுரங்க ரயில் மேடைகளில் பிடித்துத் தள்ளுவார்கள், பாகிஸ்தான்காரன் என்பதை இழிவாக்கி 'பாக்கி' என்று கத்துவார்கள், அடிப்பார்கள். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது இரண்டு பெடியன்கள் இவரைத் தண்டவாளப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவன் இவரின் சாப்பாட்டுப் பெட்டியைப் பறித்து முகத்தில் அடித்தான். பின்னால் வந்த அங்கிள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒருவனின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். திரும்ப மோதினார். மற்றவன் ஓடிவிட்டான். வெள்ளை ஓடு பதித்த சுவரில் இரத்தம் வழிந்ததாம். பிறகு இவரின் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாராம்.

"அந்த மனுசன் இல்லாட்டி நான் ரெயிலுக்குக் கீழை," என்று இவர் அன்றிரவு சொன்னார். "ஆனா அந்தப் பெடியன்ர தலை சுவரிலை பட்ட சத்தம் இருக்கே." அதோடு நிறுத்திவிட்டார்.

அங்கிளிடம் ஒரு இசைத்தட்டு இருந்தது. அன்ரி வீட்டில் தனியாக இருக்கும்போது சில நாள் அதைப் போடுவார். மெதுவான, சோகமான மெட்டு. கீழே பாடினால் தரை வழியாக மேலே வரும். கோயில் பாட்டாக்கும் என்று நினைத்தேன். மகளைத் தூங்கவைக்க அந்த மெட்டையே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு நாள் அன்ரி மாடிக்கு வந்தபோது அதைக் கேட்டு அப்படியே நின்றார்.

"உது என்னெண்டு தெரியுமோ பிள்ளை உனக்கு?"

"சாமிப் பாட்டுத் தானே?"

"போருக்குப் போன பெடியளுக்குக் கட்டின பாட்டு. எங்கட சனம் எல்லாருக்கும் தெரியும். கலியாண வீட்டிலையும் பாடுவினம், செத்த வீட்டிலையும் பாடுவினம். நல்ல பாட்டுத்தான். அவர் வீட்டிலை நிக்கேக்கை மட்டும் பாடாதை."

ஏன் என்று மார்கழி வந்தபோது தெரிந்தது.

மார்கழித் தொடக்கத்தில் அவர்களின் சுதந்திர தினம். அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் போர்ப் படம் போடுவார்கள். ஊரிலிருந்து படச்சுருளை வரவழைத்து, நாற்காலி அடுக்கி, வெள்ளைத் துணி கட்டி, வருடாவருடம் அநேகமாக அதே படம். போருக்குப் போன ஆண்கள் முன்வரிசையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு இருப்பார்கள். அங்கிளும் பத்தொன்பது வயதில் போன ஒருவர்.

அந்த முதல் மார்கழியில் நான் மண்டபத்துக்குப் போகவில்லை. சாயந்தரம் கார் வந்த சத்தம் கேட்டது. பிறகு கீழே மரத்தரையில் சப்பாத்துச் சத்தம். அந்த வீட்டில் அதுவரை நான் கேட்டிராத சத்தம் அது. அதன்பின் பிங்கான் உடைந்தது. கதிரை ஒன்று சுவரில் மோதியது. அன்ரி ஒரு தரம் கத்தினார், பாதியிலேயே நின்றது. நான் எழும்பினேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இஞ்சரும், கீழை போகாதேயும்."

"அந்த மனிசியைக் கொல்லப்போறார்."

"இண்டைக்குப் படமாம். பட்டறையிலை முன்னமே சொன்னவங்கள். நாளைக்குச் சரியாயிடுவாராம். வாடகைக்கு இருக்கிற எங்களுக்கேன் உது?"

அடுத்த நாள் நான் இறங்கிப் போனபோது அன்ரி உடைந்த பிங்கான்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். உதடு வீங்கிப் பிளந்திருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. என்னைக் கண்டதும் வேலையை நிறுத்தவில்லை.

"போய்ச் சேரப் பிந்திப்போச்சு," என்றார்.

"எங்கை அன்ரி?"

விளக்குமாற்றால் பேஸ்மென்டுப் படியைக் காட்டினார். "சவுனாவுக்கு. அதுக்குள்ளை போயிருந்திட்டால் தொடமாட்டார். வெளியிலை நிண்டு கத்துவார், கதவைத் திறக்கமாட்டார். சவுனாவுக்குள்ளை ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, கை நீட்டக்கூடாது. எங்கட ஆக்கள் அப்பிடித்தான்."

"எங்கட ஆக்கள் அப்பிடித்தான்" என்பதை என்னைப் போலவே சொல்லிக் காட்டினார். சிரிக்கப் பார்த்தார், உதட்டில் இரத்தம் வந்தது.

"எப்பிடி முன்னமே தெரியும், ஓடவேணுமெண்டு?"

"வாசலிலை சப்பாத்தைக் கழட்டினால் பயமில்லை. சப்பாத்தோடை உள்ளை வந்தால் ஓடவேணும். நேற்றைக்கு நான் அடுப்படியிலை கேத்திலோடை நிண்டிட்டன்."

இப்படித்தான் அந்தப் பெண் பன்னிரண்டு மாதத்தில் ஒரு நாளுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார். மற்ற நாட்களில் அங்கிள் அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுப்பார், காலுறை காயப்போடுவார். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

அடுத்த வருடம் அன்ரி என்னை மண்டபத்துக் குசினி வேலைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். பட்டாணிச் சூப், கோப்பி, ஏலக்காய்ப் பாண். பின்லாந்துப் பெண்கள் தங்கள் பாஷையில்தான் கதைப்பார்கள். எனக்காக ஆங்கிலத்திலும் இரண்டொன்று சொல்வார்கள். நான் பாத்திரம் கழுவும் மூலையில் நின்றுகொள்வேன்.

ஒரு நாள் நாங்கள் இருவரும் மட்டும் பாண் வெட்டிக்கொண்டிருந்தபோது அன்ரி தானாகவே சொன்னார்.

"நானும் போரிலை இருந்தனான், தெரியுமோ உனக்கு?"

"பொம்பிளையளும் சுட்டவையோ?"

"சுடேல்லை. கழுவினனாங்கள்."

எனக்கு விளங்கவில்லை. கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார். அவர்கள் நாட்டில் போரில் செத்த பெடியனைச் செத்த இடத்தில் புதைத்துவிட்டு வரமாட்டார்களாம். அவனவன் ஊர்க் கோயிலடிக்கே அனுப்பிவிடுவார்களாம். அன்ரிக்கு அப்போது பதினேழு வயது. அவர் இருந்த ஊருக்கு உடல்கள் வண்டிகளில் வரும். பனியில் செத்தவர்கள் செத்த மாதிரியே விறைத்திருப்பார்கள். ஒருவன் குந்தியபடி. ஒருவன் வாயைத் திறந்தபடி. வயிறு திறந்தவன் குடலோடு சேர்ந்து கல்லாகியிருப்பான். பெட்டிக்குள் வைக்க முடியாது, தாய்க்குக் காட்ட முடியாது. ஊர்ச் சவுனாவில் விறகை எரித்து, உள்ளே பலகையில் கிடத்துவார்களாம்.

"ஒருத்தன்ர கை இப்பிடி மேலை தூக்கினபடி," என்று அன்ரி தன் கையைத் தூக்கிக் காட்டினார். "சூடேற ஏற அந்தக் கை மெல்ல மெல்லக் கீழை வந்தது. ஒருத்தரும் தொடேல்லை. தானாய் வந்து நெஞ்சிலை படுத்தது. பிறகு இரத்தம் இளகி ஓடும். அதைக் கழுவினனாங்கள். முகம் இல்லாதவனுக்கு முகத்திலை துணி கட்டினனாங்கள். எங்கட நாட்டிலை பிள்ளை பிறக்கிறதும் சவுனாவுக்குள்ளை, செத்தவனைக் கழுவுறதும் சவுனாவுக்குள்ளை. பிறகு அதுக்குள்ளை ஆர் கை நீட்டுவினம், சொல்லு?"

"உங்கட வீட்டிலை இருக்கிறது வேற அறை தானே அன்ரி. உது மின்சாரத்திலை வேலை செய்யுது."

"உங்கட கோயிலுக்கும் மின்சாரம் இருக்கும் தானே?" என்றார்.

பிறகு பாணை எடுத்துத் திரும்ப வெட்டத் தொடங்கினார். "படத்திலை ஒருத்தன் சுடுபட்டு விழுந்தவுடனை படம் அங்காலை போயிடும். மற்றவன் பகிடி விடுவான், சனம் சிரிக்கும். நான் அங்காலை போகேல்லை. விழுந்தவனோடை இஞ்சாலை நிண்டனான். அதாலை எனக்கு அந்தப் படம் பாக்க ஏலாது."

அந்த வருடப் படத்துக்கு முன் அன்ரி ஒரு யோசனை செய்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அங்கிளை நேரே சவுனாவுக்குள் அனுப்பிவிட வேண்டும். உள்ளே போய் வேர்த்துவிட்டால் மனுசனாக வெளியே வருவார். அதற்கு நாங்கள் வரும்போதே கற்கள் காய்ந்திருக்க வேண்டும். மூன்று மணிபோல் பேஸ்மென்டில் சுவிட்சைப் போட்டுவிடும்படி இவரிடம் கேட்டார். இவரும் ஓம் என்றார். மகளையும் இவர்தான் அன்று பார்த்துக்கொண்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவே கோப்பி கொடுக்க ஒரு சின்னச் சாளரம் உண்டு. அதன் வழியாக நான் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். காடு, சேறு, பனி. பீரங்கி வெடிக்கும்போது எங்கள் கோப்பைகள் தட்டுகளில் கிடுகிடுவென்று ஆடின. பெடியன்கள் ஒரு குழிக்குள் இருந்து ஏதோ பகிடி சொல்கிறார்கள், சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அடுத்த நிமிடம் குழியில் குண்டு விழுகிறது. புகை விலக ஒருவனின் கால் தனியாகக் கிடக்கிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு ஒரு குதிரை. சேற்றில் புதைந்து எழும்ப முடியாமல் தலையை மட்டும் ஆட்டுகிறது. ஒரு பெடியன் அதன் நெற்றியைத் தடவிவிட்டுச் சுடுகிறான். மனிதர் செத்தபோது அழாத அந்த முன்வரிசை குதிரைக்கு அழுதது.

படத்தில் நடிகன் வாய் திறக்கும் முன்பே முன்வரிசை ஆண்கள் அவன் சொல்லப் போவதைச் சொல்லுவார்கள். எல்லாருக்கும் பாடம். எல்லாரிலும் உரத்த குரல் அங்கிளுடையது. வருடம் முழுக்க ஊமை மாதிரி இருந்த மனிதர் அன்று எழும்பி நின்று கட்டளை போடுவதைப் போலக் கத்தினார். சனம் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கை தட்டியது. பக்கத்தில் இருந்தவர் ஒரு சின்னப் போத்தலை நீட்டினார். இன்னொருவர் இன்னொன்றை நீட்டினார்.

அன்ரி சாளரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆனால் கைதட்டல் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவர் கத்தி நின்றது.

குசினிப் பெண்களில் தடித்த ஒருவர் எனக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். "என்ர மனுசன் படத்திலை சாகிற ஒவ்வொருத்தனோடையும் சேந்து ஒருக்காச் சாவான். வீட்டை வந்து உயிர்த்தெழும்பிச் சாப்பாடு கேப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் அன்ரியின் தோளைத் தட்டி, "உன்ர ஆள் இண்டைக்கு நல்லாய்க் கத்துறார். ஒரு நாள் தானே, பொறுத்துக்கொள்," என்றார். அன்ரியின் உதடு போன வருடம் எப்படி இருந்தது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

முடிவில் எல்லாரும் எழும்பி நின்று பாடினார்கள். நான் மகளுக்குப் பாடிய அதே மெட்டு. அத்தனை ஆண்கள் அடித்தொண்டையில் பாடும்போது அது தாலாட்டாக இருக்கவில்லை.

காரில் நான் பின்னால் இருந்தேன். அங்கிள் ஓட்டிக்கொண்டே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார். கடைசி வரியில் ஒவ்வொரு முறையும் கையால் ஸ்டியரிங்கில் அடித்தார். அன்ரி அமைதியாக, "சவுனா சூடாய் இருக்கு. நேரே இறங்கிப் போங்கோ," என்றார். பிறகும் சொன்னார். அவர் காதில் விழவில்லை.

வாசலில் நான் குனிந்து என் சப்பாத்தைக் கழற்றினேன். அங்கிள் என்னைத் தாண்டிப் பனி ஒட்டிய சப்பாத்தோடு உள்ளே நடந்தார். அன்ரி என் கையைப் பிடித்து இழுத்தார். பேஸ்மென்டுப் படிகளில் விழுந்தடித்து இறங்கிக் கோட்டோடு சவுனாவுக்குள் புகுந்தோம்.

நெருப்பு மாதிரிச் சூடு. மூச்சு விட மூக்கு எரிந்தது. கீழ்ப்பலகையில் ஒட்டி உட்கார்ந்தோம். மேலே அலுமாரி சரிந்தது. கண்ணாடி நொறுங்கியது. அந்த இசைத்தட்டு உச்சச் சத்தத்தில் பாடியது. நடுவில் அதையும் பிடுங்கி எறிந்தார் போல, ஒரு கீறல் சத்தத்தோடு நின்றது.

"பயப்பிடாதை," என்றார் அன்ரி. "உள்ளை வரமாட்டார். வந்தாலும் உடுப்பைக் கழட்டிப்போட்டு மனுசனாய்த்தான் வருவார்."

எனக்கு அடியை விட அது பெரிய பயமாகப் போய்விட்டது.

சப்பாத்துச் சத்தம் படியில் இறங்கியது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் அங்கிளின் முகம் தெரிந்தது. கண் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அன்ரி என் கையை விட்டுவிட்டார். போய்விடுவார் என்று நம்பினார் என்று நினைக்கிறேன்.

கதவு திறந்தது. ஈரச் சப்பாத்தோடு பலகையில் கால் வைத்தார். படத்தில் அதிகாரி கத்துவது போலத் தங்கள் பாஷையில் கத்தினார். அன்ரி எழும்பவில்லை. அவரின் காலைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். சப்பாத்து என்று சொன்னார் என்பது எனக்கே விளங்கியது.

அங்கிள் வாளியிலிருந்த அகப்பையை எடுத்து அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது காதோடு சேர்த்துத் தலையில். அன்ரி பக்கவாட்டில் சரிந்தார். விழாமலிருக்க நீட்டிய கை விரித்தபடி கற்களின் மேல் போய் ஊன்றியது. தோல் கருகிய மணம் வந்தது. கவிழ்ந்த வாளித் தண்ணீர் முழுக்கக் கற்களில் கொட்ட, அறை நிறைய ஆவி எழும்பியது. ஒன்றும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் அடி விழும் சத்தம் மட்டும் கேட்டது. எலும்பில் மரம் படும் சத்தம். நான் கையால் துழாவி அன்ரியின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். ஒரு அடி என் முழங்கையில் விழுந்தது. இன்றைக்கும் குளிருக்கு அது நோகும். அகப்பைக் காம்பு முறிந்ததும்தான் அடி நின்றது.

ஆவி கதவு வழியாக வெளியே போனது. அன்ரி சுவரைப் பிடித்து எழும்பி நின்றார். காதிலிருந்து இரத்தம் கழுத்துக்குள் ஓடியது. பொசுங்கிய கையை நெஞ்சில் வைத்திருந்தார். அழவில்லை. பலகையில் சேறும் பனித் தண்ணீருமாகக் கிடந்த சப்பாத்து அடையாளங்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். தங்கள் பாஷையில்தான் கேட்டார். என்ன கேட்டார் என்று பிறகு எனக்குச் சொன்னார்.

"இதுக்குள்ளையோ?"

அங்கிள் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். முறிந்த காம்பைக் கீழே போட்டார். முழங்காலில் உட்கார்ந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு அவிழவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தார். அன்ரி அவரைத் தாண்டி நடந்து போனார்.

படியின் நடுவில் இவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. அன்ரியின் காதைப் பார்த்தார், கையைப் பார்த்தார். மகளை என்னிடம் தந்துவிட்டுக் கீழே இறங்கி, குனிந்திருந்த அங்கிளின் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். அங்கிள் நிமிரவில்லை. வாடகைக்கு இருக்கிற எங்களுக்கேன் என்று இவர் அன்று கேட்கவில்லை.

காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இவர் ஒரே ஒன்றுதான் சொன்னார். "மேலை இருந்து கேட்டனான். அண்டைக்குச் சுவரிலை கேட்ட அதே சத்தம்."

ஆஸ்பத்திரியில் வழுக்கி அடுப்பில் விழுந்துவிட்டதாக அன்ரி சொன்னார். காதுச்சவ்வு கிழிந்திருந்தது. தோள் எலும்பு வெடித்திருந்தது. கையில் கட்டுப் போட்டபின், குசினியில் பகிடி சொன்ன அந்தத் தடித்த பெண்ணின் வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இந்த வருசம் கடுமையாய்ப் போச்சே. உள்ளை வா, நாளைக்கு அவரே வந்து கூட்டிக்கொண்டு போவார்," என்றார்.

"சவுனாவுக்குள்ளை அடிச்சவர்," என்றார் அன்ரி.

அந்தப் பெண் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் கணவர் வந்தார். சட்டையில் பதக்கம் இன்னும் இருந்தது. மனைவி தங்கள் பாஷையில் சொல்ல, அந்த மனிதரின் முகம் வெளிறியது. பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். உதடு பிளந்தபோதும் கண் மூடிப்போனபோதும் ஒரு நாள் தானே என்று சொன்னவர்கள், அன்று அப்படிச் சொல்லவில்லை. அடுத்த நாள் அங்கிள் வந்து கதவைத் தட்டியபோது அந்த மனிதரே வாசலில் நின்று திருப்பி அனுப்பினாராம். அந்தக் கிழமையே அன்ரியை வடக்கே சட்பரியில் இருந்த அவர் அக்காவிடம் பஸ் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வரவில்லை.

எனக்கு இது நெடுநாள் விளங்கவே இல்லை. எந்த இடத்தில் அடித்தால் என்ன, அடி அடிதானே. குசினியில் அடித்தால் பொறுக்கலாம், பலகை அறையில் அடித்தால் பொறுக்க முடியாதா? இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு முழுதாகப் போகவில்லை. ஆனால் அன்ரிக்கு உலகத்தில் அடிபடாத இடமென்று இருந்தது அது ஒன்றுதான். அது போனபின் அந்த வீட்டில் நிற்க அவருக்குத் தரை இல்லை.

அங்கிள் அந்தக் கிழமை வேலைக்குப் போகவில்லை. கோடாலியும் அலவாங்குமாகச் சவுனாவைப் பிய்த்தார். நாங்கள் மேலே சாப்பிடும்போது கீழே பலகை பிளக்கும் சத்தம் கேட்கும். கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து பின்வளவுப் பனியில் எறிந்தார். எங்களோடு அவர் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. பனி கரையும் முன் இவர் ஒஷாவாவில் வேலை தேடிக்கொண்டு என்னையும் மகளையும் கூட்டிப்போய்விட்டார்.

அடுத்த மார்கழியிலும் படம் போட்டார்களாம். அங்கிள் முன்வரிசையில் இருந்தாராம். யாரும் போத்தல் நீட்டவில்லையாம், ஆனால் அவர் வசனம் சொன்னபோது சிலர் கை தட்டினார்களாம். தடித்த பெண் தொலைபேசியில் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு முறை அன்ரி சட்பரியிலிருந்து போன் எடுத்தார்.

"இஞ்சையும் படம் போட்டவை, பிள்ளை."

"நீங்கள் குசினியிலையோ?"

"இல்லை. கதிரையிலை இருந்து பாத்தனான். முதல் தரம் முழுக்கப் பாத்தனான்."

"எப்பிடி இருந்தது?"



"அழுகைதான் வந்தது. ஆனா சிரிச்சும் போட்டன். அந்தப் பெடியள் நல்ல பகிடிக்காறப் பெடியள். எனக்கு அது தெரியாது பார். நான் கழுவின பெடியள் ஒருத்தரும் கதைக்கேல்லையே. முடிஞ்சு வீட்டை வந்து தேத்தண்ணி வைச்சுக் குடிச்சிட்டு நித்திரை கொண்டன்."

அதுதான் நான் அவர் குரலைக் கேட்ட கடைசித் தடவை.

இவ்வளவும் எனக்கு ஞாபகம் உள்ளபடி. நான் பார்த்தது ஒரே படமா, பிறகு தொலைக்காட்சியில் பார்த்த வேறு போர்ப் படத்தையும் அதோடு கலந்துவிட்டேனா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அன்ரி சுட்டுக்கொண்டது வலது கை என்று நினைக்கிறேன், இடதாகவும் இருக்கலாம். போரில் இறந்தவர்களைச் சவுனாவில் வைத்துக் கழுவியது அந்த நாடு முழுக்க நடந்ததா, அன்ரியின் ஊரில் மட்டுமா என்பதும் எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிறவர்களில் பின்லாந்து ஆட்களோடு பழக்கம் உள்ளவர்கள் இருந்தால், தயவுசெய்து வயதானவர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்து, பிழையானதைத் திருத்திவிடுங்கள்.